கத்தரிப்பூ கலர் அடையாளம்

அநியாயம் நடந்தது எனக்குத்தான் அக்கா, வேறு யாருக்கும் இல்லை. இதே பாளையங்கோட்டையில், இதே கடையில், இந்தக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்த ஜெபமலர் மேடத்தின் கையால் நடந்தது. என் லேப்டாப்பில் இருந்த டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறு எதையோ சொருகிக் கொடுத்துவிட்டார். கேட்டால் பதில் இல்லை. ஆறு வாரமாகப் பதில் இல்லை.

மெதுவாகப் பேசவா? எதற்கு? கேட்கட்டும். கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் திறந்துதான் இருக்கிறது, எல்லாம் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் பேசுகிறேன்.

நீங்கள் எதற்கு வந்தீர்கள்? கீபோர்டா? காபி கொட்டிவிட்டதா? நல்ல வேளை, என்னைப் பார்த்தீர்கள். உள்ளே கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நான் சொல்வதைக் கேளுங்கள். பிறகு கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

என் பெயர் இசக்கிப்பிரியா. ஊர் வள்ளியூர் பக்கம். எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் வருஷம், லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். உள்ளே அவர் கையில் இருப்பது என் லேப்டாப். எட்டு வருஷப் பழசு. பட்டிமன்றத்தில் ஜெயித்த பரிசுப் பணத்தில் நானே செகண்ட் ஹேண்டாக வாங்கியது, வீட்டில் ஒருத்தரிடமும் கை நீட்டவில்லை. எடை ஒரு கிலோ வராது. பைக்குள் போட்டால் நோட்டா லேப்டாப்பா என்று தெரியாது. அந்த மெலிசைப் பார்த்துத்தான் மயங்கினேன். அந்த மெலிசுக்காக உள்ளே எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் என் ஆய்வேடு இருக்கிறது அக்கா. வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். இன்று புதன். மூன்று அத்தியாயம் பென் டிரைவிலும் இருக்கிறது, நான்காவது அதற்குள் மட்டும்தான். நான்காவதுதான் உயிர். முப்பத்தாறு கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்தேன். ஒரு பெண் எழுந்து பேச ஆரம்பித்தால் எத்தனையாவது விநாடியில் அடுத்தவர் குறுக்கே விழுகிறார் என்று கணக்கெடுத்தேன். சராசரி பதினொன்று. பதினோராவது விநாடி! "அதை விடும்மா, நான் சொல்லுதேன்" என்று யாராவது எழுந்துவிடுகிறார். ஒரு பெண்ணை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விடுவதில்லை இந்த நாட்டில். இதைப் படித்துவிட்டு எங்கள் கைடு மேடம் என்னை பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்கேதான் எங்கள் அண்ணன் வருகிறான். ஆவுடையப்பன். சென்னையில் நல்ல கம்பெனி. "லேப்டாப் போச்சா? போகட்டும். புதுசு வாங்கித் தாரேன். ஆனா இந்த ஆராய்ச்சி கீராய்ச்சி எல்லாம் இத்தோட போதும். பேங்க் பரீட்சைக் கோச்சிங்ல சேருதேன்னு சொல்லு, இப்பவே ஆர்டர் போடுதேன்." ஆஃபர் இன்று மதியத்தோடு முடிகிறதாம். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவான். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இப்போது மணி பதினொன்றே கால். என் நான்காம் அத்தியாயம் அந்தம்மா கையில் இருக்கிறது. புரிகிறதா, நான் ஏன் மெதுவாகப் பேசவில்லை என்று?

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் பேட்டரி வீங்கிவிட்டது. டச்பேட் மேடாக எழும்பி, மூடினால் மூடாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வேகமும் இல்லை. ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வரலாம். முதலில் ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போனேன். ரெண்டு நாள் வைத்துக்கொண்டு, திறந்துகூடப் பார்க்காமல், "இது முடிஞ்சது மா, புதுசு பாருங்க" என்று கொடுத்துவிட்டார். அண்ணன் குரல் மாதிரியே இருந்தது எனக்கு.

அங்கே, எதையாவது மாற்றிவிட்டால் தெரிய ஒரு அடையாளம் வைத்துக் கொடுத்தாயா என்று கேட்டீர்கள் என்றால், இல்லை. அது ஏசி போட்ட கடை அக்கா. அவர் டை கட்டியிருந்தார். அப்போது தோன்றவில்லை. அதை விடுங்கள், அது வேறு விஷயம்.

அப்போதுதான் என் ரூம்மேட் நஸ்ரின் இந்தக் கடையைச் சொன்னாள். பெண் நடத்துகிற கடை, உள்ளே மதர்போர்டு வரைக்கும் இறங்கி வேலை பார்ப்பார் என்றாள். கொள்கைப்படி இங்கேதான் வர வேண்டும் என்று முடிவெடுத்தேன். நாம் ஆதரிக்காவிட்டால் யார் ஆதரிப்பார்கள்?

வந்தேன். "நாலு ஜிபி மெமரி பத்தலை, எட்டாக்கிக் கொடுங்க" என்றேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மாடல்ல மெமரிய போர்டுலயே பத்த வச்சிருக்கான் தங்கச்சி. கழத்தி மாட்டுத சமாச்சாரம் இல்லை. கூட்ட முடியாது" என்றார்.

"வீடியோவுல ஒருத்தர் கூட்டுறாரே?"

"அது வேற மாடலா இருக்கும். இதுக்குப் பேட்டரிய மாத்துவோம். ஃபேன்ல அடைச்ச தூசிய எடுத்துட்டு, சிப்பு மேல காஞ்சு கிடக்க பேஸ்ட வழிச்சுட்டுப் புதுசு வைப்போம். சூடு குறைஞ்சா தன்னால வேகம் வரும். இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்."

பாருங்கள், நான் ஒரு பொருளை வாங்கத் தயாராக வந்திருக்கிறேன், விற்க வேண்டியவர் வேண்டாம் என்கிறார். எந்தக் கடைக்காரராவது அப்படிச் சொல்வாரா? அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம். "நாளைக்குக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் நாளைக்கு? அடையாளம் வைக்க.

எங்கள் ஹாஸ்டலில் இது ஒரு வழக்கம். எதை ரிப்பேருக்குக் கொடுத்தாலும் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்துத்தான் கொடுப்போம். போன், மிக்சி, ஹீட்டர், எதுவானாலும். நஸ்ரினின் மாமா மகள் போனில் பேட்டரியை மாற்றிவிட்டார்கள், அதிலிருந்து ஆரம்பித்தது. நஸ்ரின் என்னிடம், "அடி, வெளிய தெரியுற ஸ்குரூ மேல ஒரு பொட்டு வை, போதும். திறந்தாங்களா இல்லையான்னு தெரிஞ்சிரும்" என்றாள். நான் கேட்டேன், திறக்கத்தானே கொடுக்கிறோம், திறந்தது தெரிந்து என்ன செய்வது? ஸ்குரூவையா திருடப் போகிறார்கள்? உள்ளே இருப்பதைத்தானே?

 அவளுடைய குட்டி ஸ்குரூடிரைவரை வாங்கிக்கொண்டு நானே திறந்தேன். பயப்படவில்லை. வீடியோ பார்த்துத் திறந்தேன். ஃபேன் மேல் ஒரு பொட்டு. ஸ்பீக்கர் மேல் ஒரு பொட்டு. டிஸ்க், அது சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு சின்ன அட்டை அக்கா, ஒரு ஸ்குரூவை எடுத்தால் கையோடு வந்துவிடுகிறது. அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். "ஸ்டிக்கர் மேல வை" என்றாள் நஸ்ரின். எவ்வளவு அப்பாவி பாருங்கள். ஸ்டிக்கரைப் பிய்த்து இன்னொரு டிஸ்கில் ஒட்டிவிட்டால் என் பொட்டும் கூடவே போய்விடாதா? பிய்க்க முடியாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். நுனியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல் பல்லாக இருந்தது. அதுதான் அதோடு ஒட்டிப் பிறந்த இடம். அங்கே இழுத்து ஒரு கோடு போட்டேன். கத்தரிப்பூ கலர். தங்கத்தின் மேல் அப்படி எடுப்பாக இருந்தது. காய்ந்ததும் சொருகினேன், கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. மூடினேன், பைக்குள் போட்டேன்.

ஓடுகிறதா என்று பார்த்தாயா என்கிறீர்கள். எதற்குப் பார்க்க வேண்டும்? அதுவரை ஓடிக்கொண்டுதானே இருந்தது?

மறுநாள் கொண்டுவந்தேன். இந்தக் கடையில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறார். எந்த லேப்டாப் வந்தாலும் நம் கண் முன்னால் ஒரு தடவை ஆன் செய்து, எது ஓடுகிறது எது ஓடவில்லை என்று ஒரு அட்டையில் எழுதி, நம் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் உள்ளே எடுப்பார். "ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துட்டு வாங்கிக்கிடுதேன் தங்கச்சி" என்றார்.

"பேட்டரி வீங்கியிருக்கு. வீங்கின பேட்டரியை ஆன் பண்ணக்கூடாது. தீப்பிடிக்கும்."

"நேத்து வரைக்கும் ஓட்டிக்கிட்டுத்தான இருந்தீக?"

"நேத்து எனக்குத் தெரியாது, இன்னைக்குத் தெரியும். தெரிஞ்ச பிறகும் செய்யச் சொல்றீங்களா? பத்திக்கிட்டா யார் பொறுப்பு? எழுதித் தாங்க."

அவ்வளவுதான்.  பின்னால் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். என் விவாதத் திறமைக்கு அது ஒரு நல்ல உதாரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆன் செய்யாமலே வாங்கி வைத்தார்.

மூன்று நாள் கழித்து வந்தேன். பேட்டரி மாற்றியிருந்தது. மூடி மூடியது. ஆன் செய்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது. சூடு இல்லை. ஃபேன் சத்தம் இல்லை. ஒரு பழைய லேப்டாப் ஏன் இப்படி ஓட வேண்டும்? அங்கேயே, இதே மேசை மேல், நஸ்ரினின் ஸ்குரூடிரைவரை எடுத்துத் திறந்தேன். கடையே பார்த்தது. ஃபேன் மேல் பொட்டு இருந்தது. ஸ்பீக்கர் மேல் இருந்தது. டிஸ்கை உருவிப் பார்த்தால் தங்கம் பளபளவென்று இருக்கிறது. கோட்டைக் காணோம்!

"எங்க என் அடையாளம்?"

"அது தங்கச்சி, அந்தக் கலரு வந்து..."

"கலரைப் பத்தி நீங்க பேசவே கூடாது. டிஸ்க் எங்க?"

"டிஸ்க் அதேதான். உள்ள உங்க ஃபைல் எல்லாம் இருக்கான்னு..."

"காப்பி பண்ணியிருப்பீங்க! அப்ப என் ஃபைலையும் பாத்திருக்கீங்க. அது ரெண்டாவது குத்தம்."

"அய்யோ, நான் சொல்ல வாரதை ஒரு நிமிசம்..."

"டிஸ்க் மேல நம்பர் இருக்கும், அதை எழுதி வச்சிருக்கீங்களா?"

"நம்பரை நீங்க குறிச்சு வச்சிருந்தா இப்ப ஒத்துப் பாத்துக்கிடலாம், நானும் அதைத்தான்..."

"நான் ஏன் குறிக்கணும்? நான்தான் நெயில் பாலிஷ் வச்சிருந்தேனே!"

ஒரு பதிலாவது முழுதாக வந்ததா பாருங்கள். எதைக் கேட்டாலும் பாதியில் நிற்கிறது. உண்மை இருந்தால் வார்த்தை தடையில்லாமல் வராதா?

அந்த அட்டையை நீட்டினார். பின்பக்கம் நாலு வரி எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. போடுவேனா? கூலியை மேசை மேல் வைத்தேன், அதில் நான் சுத்தம். அட்டையை வாங்காமல் வந்துவிட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்கிறீர்களா? படிக்கவில்லை. படித்தால் ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

அன்றைக்கே ரிவ்யூ போட்டேன். ஒரு நட்சத்திரம். பூச்சியம் கொடுக்க வழியில்லாததால் ஒன்று. "நம்பி வந்த மாணவியின் டிஸ்கைத் திருடிய கடை. கேள்வி கேட்டால் திக்கித் திணறுகிறார்கள். உரிமையாளர் பொதுவெளியில் பதில் சொல்லத் தயாரா?" ஒரு வரிகூடப் பிழை இல்லாமல் எழுதினேன். எங்கள் ஹாஸ்டலில் பதினெட்டுப் பேர் வரிசையாக ஆளுக்கொரு நட்சத்திரம் கொடுத்தார்கள். நஸ்ரின் மட்டும், "நான் நேர்ல பாக்காததுக்கு எப்படிடி போட?" என்றாள். அவளோடு ரெண்டு நாள் பேசவில்லை.

விழிப்புணர்வு வேலை செய்கிறது அக்கா. போன தடவை இங்கே உட்கார இடமில்லை, படிக்கட்டில் நின்றேன். இன்று பாருங்கள், மூன்று ஸ்டூலில் நீங்களும் நானும்தான்.

ஆனால் பதில்? ஆறு வாரமாகத் தினமும் காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். ஒரு வார்த்தை இல்லை. மௌனம் என்றால் என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள்.

லேப்டாப்பா? இந்த ஆறு வாரமும் நன்றாகத்தான் ஓடியது. நான்காம் அத்தியாயம் முழுவதும் அதில்தான் அடித்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன், எனக்கு நியாயம் முக்கியம். முந்தாநாள் பிரிண்டிங் கடையில், பக்கம் அமைத்து பைண்டிங் போட ஒரு நாள் லேப்டாப்பை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். விட்டுவிட்டு வருவதென்றால் சும்மா விடலாமா? ஒரு தடவை பட்டவள் நான். அன்று சாயங்காலம் திறந்து, மாற்றி வைத்த டிஸ்காக இருந்தாலும் இப்போது அது என் டிஸ்க்தானே என்று, அதே இடத்தில் ரெண்டு கோட்டிங் கொடுத்தேன். இந்தத் தடவை யாரும் சுலபமாக எடுக்க முடியாதபடி. நேற்றுக் காலையில் பிரிண்டிங் கடையில் ஆன் செய்தால் கறுப்புத் திரை. டிஸ்கே இல்லை என்று எழுதி வருகிறது! ஆறே வாரத்தில் போய்விட்டது அக்கா. அசலாக இருந்தால் போகுமா? இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நேற்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரு நிமிடம் அண்ணனுக்கு சரி என்று அடித்துவிட்டேன். அனுப்பவில்லை. அடித்து, பார்த்து, அழித்துவிட்டேன். அவன் வாங்கித் தரும் லேப்டாப்பில் நான் என்ன எழுதுவேன்? வட்டிக் கணக்கா?

அதனால்தான் இன்று காலையிலேயே வந்து நின்றேன். "நீங்க மாத்தி வச்ச டிஸ்க் போயிருச்சு. என் டிஸ்கை எடுத்து வைங்க. இல்லைன்னா நுகர்வோர் கோர்ட்டுல பாப்போம்" என்றேன். அவர் லேப்டாப்பை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என்னையே பார்த்துவிட்டு, "உக்காருங்க" என்றார். ஒரே வார்த்தை. தங்கச்சி என்றுகூடச் சொல்லவில்லை. அது எனக்கு என்னவோ போல் இருந்தது. இருக்கட்டும்.

அதோ, திறந்துவிட்டார். டிஸ்கை எடுத்து வெளிச்சத்தில் காட்டுகிறார். என்ன தலையை ஆட்டுகிறார்? பஞ்சில் எதையோ தொட்டுத் துடைக்கிறார் பாருங்கள். மறுபடி மறுபடி துடைக்கிறார். தூசியாக இருக்கும். துடைத்தால் டிஸ்க் வந்துவிடுமா? கண்துடைப்பு அக்கா எல்லாம்.

இந்தாருங்கள், இதைப் பிடியுங்கள். அதே பாட்டில்தான், இன்னும் பாதி இருக்கிறது. உங்கள் கீபோர்டைக் கொடுக்கும் முன் உள்ளே ஒரு கோடு வைத்துவிடுங்கள். நான் வேண்டுமானால் திறந்து தருகிறேன். வேண்டாமா? ஏன் பையை அப்படி இறுக்கிப் பிடிக்கிறீர்கள்?

பாருங்கள் அந்தம்மாவை. நான் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார். வேலை நேரத்தில்! ரெண்டு கட்டை விரலாலும் என்ன அப்படி அடிக்கிறார்? இதைத்தான் சொல்கிறேன், பொறுப்பு என்று ஒன்று...

இருங்கள், என் போன். அண்ணனாக இருக்கும், பன்னிரண்டுகூட ஆகவில்லை அதற்குள்...

அண்ணன் இல்லை.

'உங்கள் ரிவ்யூவுக்கு உரிமையாளர் பதில் அளித்துள்ளார்.'

பார்த்தீர்களா! ஆறு வாரம் கழித்து! இருங்கள், சத்தமாகவே படிக்கிறேன், நாலு பேருக்குத் தெரியட்டும்.

"தங்கச்சி, நேர்ல நீங்க என்னைப் பேச விடல. அதனால எழுதுதேன்."

இது பொய் அக்கா. நான் எப்போது பேச விடவில்லை? நீங்களே சொல்லுங்கள், இவ்வளவு நேரம் நான்... சரி. படிக்கிறேன்.

"அன்னைக்கு இருந்ததும் உங்க டிஸ்க்தான், இன்னைக்கு இருக்கதும் உங்க டிஸ்க்தான். அந்தத் தங்கப் பல்லு வழியாத்தான் மிஷின் அதைப் படிக்கும்."

இது எனக்குத் தெரியாதா? இதில் என்ன புதிதாக...

"அது மேல நெயில் பாலிஷ் வச்சா கரண்டு போகாது, டிஸ்க் இல்லைன்னுதான் காட்டும். போன தடவை நான்தான் துடைச்சு எடுத்தேன். அதை அன்னைக்கே அட்டையோட பின்பக்கம் எழுதி வச்சேன், நீங்க வாங்காம போயிட்டீங்க. அட்டை இன்னும் என் டிராயர்ல இருக்கு. இந்தத் தடவை ரெண்டு கோட்டிங், கொஞ்சம் நேரமாச்சு. எடுத்தாச்சு. ஆன் பண்ணிப் பாத்தாச்சு, ஓடுது. ஃபைல் எதையும் நான் திறக்கல, நீங்களே வந்து உங்க நாலாவது அத்தியாயத்தைத் திறந்து பாருங்க. இனிமே அடையாளம் வைக்கணும்னா ஸ்டிக்கர் மேல வைங்க, நான் பிய்க்க மாட்டேன். அந்த அக்காவையும் உள்ள வரச் சொல்லுங்க, கீபோர்டைப் பாக்கணும். மணி பன்னெண்டாகப் போகுது. உங்க அண்ணன் கூப்பிட்டா வேண்டாம்னு சொல்லிருங்க."